சலூன்காரர் சொன்ன ஐந்து அடையாளங்கள்

ஏழு பேரைக் கொன்றவன் எப்படி இருப்பான் என்று ஒவ்வொருவர் மனசிலும் ஒரு படம் இருக்கும். சலூன்காரர் மனசிலும் இருந்தது. சிவந்த கண், ஒட்டின புருவம், வெட்டாத நகம். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் தலைகளைத் தொட்டுப் பார்த்த மனுஷர், அவருக்கே இந்த லட்சணத்தில்தான் ஞானம் என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

ஆனால் வந்தவர் அப்படி வரவில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு, சட்டையை இன் பண்ணிக்கொண்டு வருவார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் என்பதால் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்து, "தலைவரே, காதை மட்டும் விட்டு வெச்சிருங்க, எனக்கு ஸ்பேர் கிடையாது" என்பார். பதினோரு வருஷமாக அதே ஜோக். பதினோரு வருஷமாகச் சலூன்காரரும் சிரித்தார், அதுவும் மரியாதைக்காக இல்லை, நிஜமாகவே சிரிப்பு வந்தது. சில பேர் சொன்னால் அப்படித்தான்.

அந்த லிஃப்ட்காரரைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. எட்டு வருஷத்தில் ஏழு பேர். எல்லாரும் அடுக்குமாடிகளில் தனியாக இருந்த வயசானவர்கள். எல்லாச் சாவும் வழுக்கி விழுந்ததாகவோ மாரடைப்பாகவோ எழுதி மூடப்பட்டவை. எதற்காகச் செய்தார் என்று கேட்டதற்கு, "தெரியலையே சார்" என்றாராம். இந்த ஒரு பதில்தான் ஊருக்குப் பொறுக்கவில்லை. கொன்றதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டார்கள். காரணம் சொல்லாமல் போனதை யாராலும் மன்னிக்க முடியவில்லை.

அரை மணி நேரத்தில் தெருவே நிபுணர் ஆகிவிட்டது. அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், "படி ஏறுனா சத்தமே கேக்காது. அப்பவே நினைச்சேன்" என்றார். அப்பவே நினைத்தவர் எட்டு வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் எப்படி வைத்திருந்தாரோ. சித்தி வளர்த்த பிள்ளை, அதனால்தான் என்றது ஒரு கட்சி. அதே சித்தி வளர்த்த தம்பி பல் டாக்டராக இருக்கிறாரே என்று யாரோ கேட்டார்கள். "பல் டாக்டர்னா அதுவும் கொஞ்சம் அந்தப் பக்கம்தானே!" என்று பதில் வந்தது. பக்கத்துக் கடைச் சாவிக்காரர் ரொம்ப நிதானமாக, "கல்யாணம் ஆகலை பாருங்க, அதான்" என்றார்.

"ஆகியிருந்தா?"

"ஆகியிருந்தா, அதனாலதான்னு சொல்லியிருப்பேன்."

சலூன்காரர் மட்டும் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அதுவே ஒரு அதிசயம். இவர் கத்தரியைத் தொடுகிற நேரத்தைவிட வாயைத் திறந்திருக்கிற நேரம் அதிகம். அரசியல், முழங்கால் வலி, யார் பெண் யாரோடு போனாள், எந்த நாட்டில் பனி பெய்கிறது, எல்லாம் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் கிடைக்கும். வாய் செத்தவனிடம் தலையைக் கொடுப்பதும் வழிப்போக்கனிடம் கொடுப்பதும் ஒன்றுதான் என்பது அவர் கொள்கை.

அவர் ஊமையானதற்குக் காரணம் உண்டு. கொல்லப்பட்ட ஏழு பேரில் மூன்றாவது ஆளும் இவர் வாடிக்கைதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். தலையில் மொத்தம் நாலு முடி. மாசா மாசம் வந்து, "ரொம்பக் குட்டையா வெட்டிடாதீங்க" என்று எச்சரித்துவிட்டு உட்காருவார். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து செத்துப்போனார் என்று சேதி வந்த வாரம், லிஃப்ட்காரர் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "நல்ல மனுஷன் தலைவரே, அவர் மாதிரி ஒருத்தர் இனிமே கிடைக்க மாட்டார்" என்று கண்ணைத் துடைத்தார். சலூன்காரரும் சேர்ந்து அழுதார். தோளில் கை வைத்துத் தேற்றினார். அந்தக் கை இப்போது அவருக்கு எரிந்தது. அவமானமாக இருந்தது. நம்மை இப்படி ஒருத்தன் முட்டாளாக்கிவிட்டானே என்ற கோபத்தைவிட, அவனை நமக்குப் பிடித்திருந்ததே என்பதுதான் அதிகம் உறுத்தியது.

வியாழக்கிழமை டிவிக்காரர்கள் வந்தார்கள். மைக் பிடித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பாவம், காலையிலிருந்து வெயிலில் அலைந்து முகம் வாடிப்போயிருந்தது. சலூன்காரர் தலையைச் சீவிக்கொண்டார், கண்ணாடியில் பார்த்துக்கொண்டார், வாசலுக்கு வந்தார். சும்மா சொல்லக் கூடாது, டிவியில் வரவேண்டும் என்ற ஆசை அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. இப்படி வரும் என்றுதான் நினைக்கவில்லை.

"நல்ல மனுஷன்மாதிரிதாங்க இருந்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்" என்று உண்மையைத்தான் ஆரம்பித்தார்.

அந்தப் பெண் மைக்கைக் கொஞ்சம் இறக்கினாள். "சார், இதையேதான் எல்லாரும் சொல்றாங்க. போட மாட்டாங்க. ஏதாவது வித்தியாசமா, நீங்க மட்டும் கவனிச்சது?"

"செத்துப்போன தபால்காரரைப் பத்திச் சொல்லட்டுமா? அவரும் நம்ம கடைக்குத்தான்..."

"அது அப்புறம் பாத்துக்கலாம் சார். இவரைப் பத்தி."

பின்னால் சாவிக்காரர் செருமினார். அவரும் தலை சீவிக்கொண்டுதான் வந்திருந்தார். மைக் மெல்ல அந்தப் பக்கம் திரும்புவதைச் சலூன்காரர் பார்த்தார். அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பேசவே மாட்டார்ங்க. கேட்டா ஒரு வார்த்தை. அவ்ளோதான்."

மைக் திரும்பி வந்தது. "அப்படியா சார்! வேற?"

"நேரா கண்ணைப் பாக்க மாட்டார். தரையைப் பாத்துக்கிட்டே நிப்பார்."

"வேற?"

"கையைக் கழுவிக்கிட்டே இருப்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை."

"வேற சார்?"

"செருப்பைக் கழட்டுனா ஸ்கேல் வெச்சு கோடு போட்டாப்ல நேரா வெப்பார். ஒரு இஞ்ச் தள்ளி இருந்தா திரும்பி வந்து சரி பண்ணுவார். அப்புறம்... தனியாத்தான் சாப்பிடுவார். கதவைச் சாத்திக்கிட்டு."

முடி வெட்டிக்கொள்ள வருகிறவர் சாப்பிடுவதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அவளுக்கு முகத்தில் களை வந்துவிட்டது. சலூன்காரருக்கும்தான். இத்தனை சரளமாகத் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவரே வியந்துபோனார்.

எங்கிருந்து வந்தது என்பதை ஏழு மணிச் செய்தியில் அவருடைய வீட்டுக்காரம்மா கண்டுபிடித்துவிட்டார். அந்த அம்மா ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவர். டிவி ஓடினாலும் கண் ஊசியில்தான் இருக்கும், காது மட்டும் வேலை செய்யும். இரண்டாவது அடையாளம் வந்தபோது மெஷினை மிதிப்பதை நிறுத்தினார். ஐந்தாவது வந்தபோது எழுந்தேவிட்டார்.

"ஏங்க, இது நம்ம புள்ளை இல்ல?"

"எது?"

"நீங்க சொல்ற ஆளு! பேச மாட்டான், கண்ணைப் பாக்க மாட்டான், கையைக் கழுவுவான், செருப்பு, கதவு... யாரைங்க சொல்லியிருக்கீங்க? பெத்த புள்ளையை அப்படியே நிக்க வெச்சு அளவெடுத்த மாதிரி இருக்கே!"

சலூன்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர்களுக்கு ஒரே மகன். இருபத்தெட்டு வயது. குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் பாட்டில் பாட்டிலாக ஊர்த் தண்ணீரைச் சோதிக்கிறவன் கையைக் கழுவாமல் என்ன செய்வான்? கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவதற்கும் காரணம் உண்டு. ஹாலில் அப்பா பேசிக்கொண்டிருப்பார், கேள்வி கேட்டால் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பத்து வயதிலிருந்தே பையன் அப்படித்தான். பேச்சில் பிழைக்கிறவருக்குப் பேசாத பிள்ளை பிறந்தது அவருக்கு ஒரு குறை. 'இவன் மனசுல என்னதான் ஓடுது' என்று வீட்டுக்காரம்மாவிடம் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். மகனிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மகன் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. செய்தி முடிந்து விளம்பரம் வந்தது. அவன் தன் அறைக்குப் போகவில்லை. ஹாலுக்கு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டான்.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றான்.

"ஆமாமா, ரொம்ப" என்றார் சலூன்காரர். உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பாத்தியா, பையன் தப்பா எடுத்துக்கலை என்று வீட்டுக்காரம்மாவைக் கண்ணால் பார்த்தார். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேறு நேரமாக இருந்தால் இது வீட்டோடு போயிருக்கும். ஆனால் அப்போதுதான் பையனுக்கு ஒரு இடம் கூடி வந்திருந்தது. ஆறு இடம் தட்டிப்போய் ஏழாவது இடம். ஆறு பேரும், பையன் நல்ல பையன், ஆனால் உம்மணாமூஞ்சியாக இருக்கிறானே என்றுதான் கழன்றுகொண்டார்கள். இந்தப் பெண் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எத்தனையாவது மேடையிலிருந்து கிளம்பும் என்று காலை ஆறிலிருந்து மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறவள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு இவன் பேசாமல் இருந்ததைப் பார்த்து, "நாள் பூரா நான் கத்துறேன், ஊரும் கத்துது. வீட்டுலயாவது ஒரு ஆள் சும்மா இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். பையனும் சிரித்தான். அவன் காது சிவந்ததைச் சலூன்காரர் தம் கண்ணால் பார்த்தார். அன்றைக்கு வீடு திரும்பும்போது, இவன் வாழ்க்கையில் இனி ஒரு வெளிச்சம் வந்துவிடும் என்று வழியெல்லாம் வீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தார். தேதி குறிப்பதுதான் பாக்கி.

இதற்கிடையில் அந்த ஐந்து அடையாளங்களுக்குக் கால் முளைத்துவிட்டது. மறுநாளே ஒரு மனோதத்துவ நிபுணர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் விளக்கினார். பேசாதவன் உள்ளே அழுத்தம் சேர்க்கிறான், கை கழுவுகிறவன் குற்ற உணர்வைக் கழுவுகிறான், செருப்பை நேராக வைப்பவன் உலகத்தை அடக்கி ஆளப் பார்க்கிறான். கொலையாளி ஏன் உருவாகிறான் என்ற கேள்விக்கு விஞ்ஞானபூர்வமான விடை கிடைத்துவிட்டது என்றார். 'மௌனக் கொலையாளி: ஐந்து அடையாளங்கள்' என்று கட்டம் கட்டி டிவியில் ஓடியது. போன் போனாகப் பறந்தது.

சலூனில் கூட்டம் சொல்லி மாளாது. டிவியில் வந்தவர் கையால் முடி வெட்டிக்கொள்ள அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் பேசின பேச்சு இருக்கிறதே! பத்து வருஷமாக 'உம்' என்ற சொல்லைத் தாண்டாத பாங்க்குக்காரர் உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும் வரை தம் மாமியார் கதையைச் சொன்னார். எல்லாரும் ஒருவர் கண்ணை ஒருவர் உற்றுப் பார்த்தே பேசினார்கள். ஷேவிங் பண்ணும்போதுகூடக் கண்ணாடி வழியாக இவரை இமைக்காமல் பார்த்தார்கள். வாசலில் செருப்புகளைக் கண்ட மேனிக்கு உதறினார்கள். ஒருத்தர் தம் ஒற்றைச் செருப்பைத் தேடிச் சாக்கடை வரை போக வேண்டியிருந்தது.

வீட்டிலும் மாற்றம். மகன் தினமும் ஹாலில் சாப்பிட்டான். தினமும் ஒரு வாக்கியம் பேசினான். "பஸ்ல கூட்டம்." "நாளைக்கு மழை வரும்போல." ஷூவை உதறிப் போட்டுவிட்டு வந்தான். ஒரு நாள் உதறினது கொஞ்சம் நேராக விழுந்துவிட்டது. திரும்பிப் போய்க் காலால் தள்ளிக் கோணலாக்கிவிட்டு வந்தான். சலூன்காரர் அதைப் பார்த்துவிட்டு, பையன் தேறிவருகிறான் என்று மகிழ்ந்துபோனார். அட, புத்தி கெட்ட மனுஷா!

இரண்டாம் வாரம் பெண்ணின் அப்பா வந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எப்பேர்ப்பட்ட ஆளையும் பிரேக் போடுகிற விதத்தை வைத்தே எடை போட்டுவிடுவேன் என்பது அவர் பெருமை. உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஐந்து வரி, ஐந்துக்கும் பக்கத்தில் டிக்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. சம்பந்தின்னு சொல்லலாமான்னுகூடத் தெரியல. அன்னிக்கு நீங்க வந்தப்போ பாத்தேன், மாப்பிள்ளை நாலு தடவை எழுந்து போய்க் கையைக் கழுவினார். வாசல்ல செருப்பு கோடு போட்ட மாதிரி. என்னை நிமிர்ந்தே பாக்கல, பேசவும் இல்ல. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சாப்பிடுவான்னு அன்னிக்கு நீங்களேதான் சொன்னீங்க."

"அது கூச்சங்க!"

"நீங்கதானே டிவியில சொன்னீங்க, அதெல்லாம் அடையாளம்னு?"

"நான் அந்த ஆளைச் சொன்னேன்..."

"அதைத்தான் நானும் சொல்றேன். நிபுணரும் சொல்லிட்டார். ஒண்ணு ரெண்டு இருந்தா விட்டுடலாம். அஞ்சுக்கு அஞ்சு! என் பொண்ணு அதெல்லாம் ஒண்ணும் இல்லங்குறா. அவ சின்னப் பொண்ணு. எனக்குப் பயமா இருக்குங்க."

அவர் நிஜமாகவே பயந்திருந்தார். அதனால் சலூன்காரரால் கோபப்படக்கூட முடியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் நுணலோடு போயிற்று. இங்கே பெற்ற பிள்ளை அல்லவா கெட்டுப்போகிறான். அவர் போன பிறகு வீட்டுக்காரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "போங்க. எந்த வாயால சொன்னீங்களோ அந்த வாயாலயே போய் இல்லைன்னு சொல்லிட்டு வாங்க."

போனார். டிவி நிலையத்தில் முகத்துக்குப் பவுடர் போட்டு உட்காரவைத்தார்கள். எதிரே அந்த நிபுணர், நெற்றிக்கு மேல் கண்ணாடி. நேரலை. சலூன்காரர் பவுடர் மேல் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷர் யோசித்துப் பேசினார்.

"அன்னிக்கு நான் சொன்னது அத்தனையும் பொய்ங்க. அவர் பேசாத ஆளே இல்ல. என்னைவிட நல்லாப் பேசுவார், ஜோக் அடிப்பார். கண்ணைப் பாத்துத்தான் பேசுவார். என் வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலின்னா ஞாபகம் வெச்சுக் கேப்பார். வயசானவங்க வந்தா எழுந்து இடம் குடுப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும்ங்க. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் என்னென்னவோ சொல்லிட்டேன். அவர் நம்மளை மாதிரிதான் இருந்தார். ஏன் செஞ்சார்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது. செத்துப்போன தபால்காரர் ஒருத்தர் இருந்தார், அவரைப் பத்தி யாராவது..."

"நேரம் குறைவா இருக்கு" என்றார் நிகழ்ச்சியை நடத்துகிறவர். நிபுணர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். முதல் தடவையாகச் சலூன்காரரை நேராகப் பார்த்தார். "ரொம்ப முக்கியமான தகவல். நாம தேடிக்கிட்டு இருந்தது இதைத்தான்" என்றார்.

மறுநாள் காலையில் புதுக் கட்டம் ஓடியது. 'சிரிக்கும் கொலையாளி: ஐந்து அடையாளங்கள்.' ஒன்று, ஓயாமல் பேசுவான். இரண்டு, கண்ணை உற்றுப் பார்ப்பான். மூன்று, ஜோக் அடிப்பான். நான்கு, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரிப்பான். ஐந்து, பெரியவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பான். பஸ்ஸில் மறுநாளிலிருந்து கிழவர்கள் நின்றுகொண்டே போனார்கள் என்று கேள்வி. முதல் கட்டம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நிபுணரும் ரத்து செய்யவில்லை. அது ஒரு வகை, இது ஒரு வகை என்றார். பேசினாலும் மாட்டுவான், பேசாவிட்டாலும் மாட்டுவான். இப்படிப்பட்ட விஞ்ஞானத்தைத் தோற்கடிக்க யாரால் முடியும்?

சலூனில் ஈ ஓட்டினார். வந்த ஒன்றிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்தார்கள். பழக்கதோஷத்தில், "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று இவர் கேட்டதும், பாங்க்குக்காரருக்கு ஒரு பக்கக் கிருதா மட்டும் வெட்டின நிலையிலேயே அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. சாவிக்காரர் இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு பலகையை இழுத்து வைத்தார்.

இதெல்லாம் அவருக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவர் தைரியமாகத்தான் இருந்தார். பையன் பெயரில் இருந்த கறை போயிற்று, அது போதும் என்று இருந்தார். வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"மாப்பிள்ளை மேல இப்ப எந்தச் சந்தேகமும் இல்லங்க" என்றார். சற்று நிறுத்தி, "உங்களைப் பத்தித்தான் கொஞ்சம் யோசனை" என்றார்.

"ஏங்க, அந்த லிஃப்ட்காரர் உங்க ஸ்கூல்லதானே வண்டி ஓட்டக் கத்துக்கிட்டார்? நம்ம கடை நாற்காலியில உக்காந்து அவரே சொல்லியிருக்கார். நீங்க பிரேக்கைப் பாத்தே ஆளைச் சொல்லுவீங்களே?" என்றார் சலூன்காரர்.

"ரொம்ப மென்மையா போடுவான்" என்றார் அவர், குரல் இறங்கிப்போய். "நானே கைதட்டினேன்." அப்புறம் பெருமூச்சு விட்டார். "சரிங்க. என் பொண்ணு பிடிவாதமா இருக்கா. கட்டிக்கிட்டா உங்க பையனைத்தான் கட்டிக்குவாளாம். கேட்டவுடனே வாயை மூடிக்கிட்டு யோசிக்கத் தெரிஞ்ச ஆம்பளை இவர் ஒருத்தர்தானாம். நீங்க தேதியைப் பாருங்க."

சலூன்காரர் கடையை மதியத்திலேயே சாத்தினார். வீட்டுக்கு நடந்தார் என்று சொல்லக் கூடாது, ஓடினார். வீட்டுக்காரம்மாவிடம் சொன்னதும் அந்த அம்மா மெஷின் மேலேயே தலையை வைத்து அழுதுவிட்டார். ஐந்தரை மணிக்கு மகன் வந்தான். ஷூவை உதறினான். ஹாலுக்கு வந்து, "இன்னிக்கு..." என்று அன்றைய வாக்கியத்தை ஆரம்பித்தான்.

"டேய், அதெல்லாம் இருக்கட்டும்! சம்மதம் சொல்லிட்டாங்கடா! அந்தப் பொண்ணே அடம்பிடிச்சு வாங்கியிருக்குடா உன்னை!"

மகன் காது சிவந்தது. ஒரு நிமிஷம் முகமே மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சியை அவனே அணைத்தான்.

"வேண்டாம்பா."

"என்னடா வேண்டாம்? உனக்குப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியும்டா!"

"பிடிச்சிருக்கு. அதனாலதான் வேண்டாம்."

"நான்தான் டிவியில போய் எல்லாம் பொய்னு சொல்லிட்டேனேடா. ஊரே பாத்துச்சே!"

"பாத்தேன்பா. அன்னிக்கு நீங்க நிறைய யோசிச்சுப் பேசினீங்க. வேர்த்துடுச்சு உங்களுக்கு." மகன் கையைப் பிசைந்துகொண்டான். இவ்வளவு நீளமாக அவன் பேசி அவர்கள் கேட்டதில்லை. "முதல் தடவை நீங்க யோசிக்கவே இல்ல. கொலைகாரன் எப்படி இருப்பான்னு கேட்டாங்க, டக்குனு நான் வந்தேன் உங்க வாயில. யோசிக்காம வர்றதுதானேப்பா நிஜம்? என்னைப் பொறந்ததிலேர்ந்து பாக்குறது நீங்க. உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. அதுலேர்ந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ராத்திரி பகலா. எனக்குள்ள அது இருக்கான்னு. அந்த ஆளே தெரியலன்னுதானே சொன்னார்? எனக்கும் தெரியல. தெரியாம எப்படிப்பா ஒரு பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது?"

வீட்டுக்காரம்மா, "ஐயோ, என் கண்ணே" என்று எழுந்தார். இத்தனை நாளும் பயல் கோணலாக ஷூ போட்டதும் வெயிலைப் பற்றிப் பேசினதும் எதற்கு என்று சலூன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. மகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லடா. உனக்குள்ள ஒண்ணும் இல்லடா. நீ தங்கம்டா. அப்பா சொல்றேன்டா, சத்தியமா சொல்றேன்டா."

மறுபடியும் சொன்னார். அழுதுகொண்டே மூன்றாம் தடவையும் சொன்னார். மகன் கையை உருவிக்கொள்ளவில்லை. கடைசி வரை பொறுமையாக, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான், டிவியில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.